வாசிகசாலை ராஸ்பெரி பை: அப்டேட் கொடுத்தால் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை

மஸ்கெலியா டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் டிவிஷன் வாசிகசாலையில் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்று ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது.

தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாள்கள், சாதாரண தரத்துக் கடந்தகால வினாத்தாள்கள், கிவிக்ஸில் (நெட் இல்லாமல் படிக்க வைக்கும் மென்பொருள்) தமிழ் விக்கிப்பீடியா, கொஞ்சம் விஞ்ஞான வீடியோக்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அம்மா மலையிலிருந்து வந்ததும் பிள்ளைகள் போனை வாங்கிக்கொண்டு ஓடி வருவார்கள். வாசிகசாலை வைஃபையில் சேர்ந்து இருட்டும் வரை படிப்பார்கள். ரீலோட் போடக் காசு தேவையில்லை என்பதால்தான் இத்தனை பேர் வருகிறார்கள். லயத்தில் பாதிக் காம்பராக்களுக்கு சிக்னலே ஒழுங்காகக் கிடைப்பதில்லை. இந்தப் பெட்டி நின்றால் படிப்பே நின்றுபோகிற பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள்.

அமைத்துத் தந்தவர் எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவர். கெம்பஸ் முடித்து இப்போது வெளிநாட்டில் இரவு வேலை. கேட்டால் சொல்வார், ஆனால் பதில் வரத் தாமதமாகும். ஆப்ட் என்பது மென்பொருளை இறக்கிப் போடும் கருவியாம். மாதத்துக்கு ஒரு தடவை புதுப் பட்டியலை எடுக்க சூடோ ஆப்ட் அப்டேட், அப்புறம் புதியவற்றைப் போட சூடோ ஆப்ட் அப்கிரேட் அடிக்க வேண்டும் என்று கொப்பியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ராஸ்பெரி பை ஓஎஸ், 32 பிட் புக்வேர்ம் (டெபியன் 12 லினக்ஸ் பதிப்பின் பெயர்) என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார். நெட் வருவது சிம் போடும் 4ஜி ரௌட்டரில். பை அதோடு கேபிளில் இணைந்திருக்கிறது.

சித்திரை விடுமுறைக்கு வாசிகசாலை பூட்டியிருந்தது. திறந்த அன்று பெட்டியைப் போட்டு அப்டேட் கொடுத்தேன். திரையில் வந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

ஆங்கில எழுத்து ஈ-யில் தொடங்கும் வரி ஒன்று: ராஸ்பியன் களஞ்சியத்தின் (அடிப்படை மென்பொருள் வருகிற இடம்) ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, 11 நாளும் சில மணி நேரமும் போக வேண்டும், அதுவரை இந்தக் களஞ்சியத்திலிருந்து அப்டேட் எடுக்கப்படாது.

இன்னொரு ஈ வரி: டொக்கர் (செயலிகளைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் மென்பொருள்) களஞ்சியத்தின் சான்றிதழை நம்ப முடியாது, அது செல்லுபடியாகும் திகதி இன்னும் வரவில்லை.

டபிள்யூ என்று தொடங்கும் வரி: சாவி, ட்ரஸ்டட் டாட் ஜிபிஜி என்ற பழைய சாவிக்கொத்தில் இருக்கிறது. இது ராஸ்பியனுக்கு வருகிறது. டொக்கருக்கும் முந்திய மாதங்களில் வந்தது.

இது தவிர, சில மாதங்களுக்கு முன் ஆங்கில எழுத்து என்-இல் தொடங்கும் ஒரு வரி வந்தது. களஞ்சியம் தன்னை ஸ்டேபிள் என்பதிலிருந்து ஓல்ட்ஸ்டேபிள் என்று மாற்றிக்கொண்டதாம். அது என்னவென்று தெரியாமல் பிள்ளைகளின் பெட்டியில் கை வைக்க மனம் வரவில்லை. அன்றிலிருந்து அப்கிரேட் கொடுக்காமலே இருக்கிறேன்.

வேலை செய்கிறதுதானே, அப்டேட்டை விட்டுவிடுங்கள் என்று டவுனில் போன் திருத்துகிற கடையில் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இவற்றில் எது ஆபத்து, எது சும்மா? எந்த வரிசையில் சரிசெய்வது? மெமரி கார்டை அழித்துப் புதிதாகப் போடச் சொல்லாதீர்கள். உள்ளே இருப்பதெல்லாம் ரௌட்டர் டேட்டாவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவை.


நிரூ, பதுளை எழுதியது:

டீச்சர், சாவி எச்சரிக்கைக்கு ஒரு வரி போதும். ஈடிசி கோப்புறைக்குள் ஆப்ட் கோப்புறையில் இருக்கும் ட்ரஸ்டட் டாட் ஜிபிஜியைத் தூக்கிப் பக்கத்திலேயே இருக்கும் ட்ரஸ்டட் டாட் ஜிபிஜி டாட் டி கோப்புறைக்குள் போடுங்கள். எச்சரிக்கை நின்றுவிடும். மற்ற வரிகளுக்கு, சோர்சஸ் டாட் லிஸ்டில் ஒவ்வொரு வரியிலும் சதுர அடைப்புக்குள் ட்ரஸ்டட் சமம் யெஸ் என்று சேர்த்துவிட்டால் எதுவும் கேட்காது. நான் என் பையில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.


தலவாக்கலைக்காரன் எழுதியது:

வணக்கம் டீச்சர். தலவாக்கலை, கொட்டகலை, பத்தனைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இப்படிப்பட்ட பெட்டிகளைப் பார்த்துக் கொடுக்கிறவன் நான். உங்கள் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்டை அழிக்கத் தேவையில்லை. ஆனால் நிரூ தம்பி சொன்ன இரண்டாவது வழியை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் வரியின் முதல் எழுத்தைப் பாருங்கள். ஈ என்றால் அந்த வேலை நடக்கவில்லை. டபிள்யூ என்றால் பெரும்பாலும் வேலை நடந்துவிட்டது, ஆனால் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. ஆங்கில எழுத்து என் என்றால் வெறும் தகவல். ஆகவே ஈ வரிகளைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். அவை தீராமல் மற்றதில் கை வைத்தால், எது சரியானது எது ஆகவில்லை என்றே பிடிபடாது.

உங்கள் இரண்டு ஈ வரிகளுக்கும் காரணம் ஒன்றுதான், கடிகாரம். மேசைக் கணினிக்குள் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், கரண்ட் இல்லாவிட்டாலும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ராஸ்பெரி பை 4இல் அது இல்லை. 5இல்தான் கடிகாரத்தை உள்ளேயே வைத்தார்கள், அதற்கும் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். பேட்டரி இல்லாத பை என்ன செய்கிறது என்றால், ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் என்ற சின்ன மென்பொருள் நேரத்தைக் கார்டில் எழுதி வைக்கிறது. அணைக்கும்போது ஒரு தடவை, ஓடிக்கொண்டிருக்கையில் மணிக்கு ஒரு தடவை. மறுபடி போடும்போது அந்த எழுதி வைத்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. நீங்கள் விடுமுறைக்குப் பூட்டிய நாளில் நின்ற கடிகாரம், திறந்த நாளிலும் பூட்டிய நாளையே காட்டியிருக்கிறது.

இப்போது ஆப்ட்டின் பக்கத்திலிருந்து பாருங்கள். களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பில் அது உருவான திகதி எழுதியிருக்கும். பெட்டியின் கணக்கில் அந்தத் திகதி இன்னும் வரவேயில்லை. எதிர்காலத்திலிருந்து வந்த கோப்பை நம்ப மாட்டேன் என்கிறது. டொக்கரின் களஞ்சியம் எச்டிடிபிஎஸ் வழியாக வருவது, அதன் சான்றிதழிலும் எந்த நாளிலிருந்து செல்லும் என்று இருக்கும். அங்கேயும் அதே கதை. இரண்டு வரியும் வெவ்வேறு கோளாறு மாதிரித் தெரியும், ஆனால் நேரம் சரியானதும் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

சரிபார்க்க டைம்டேட்சிடிஎல் என்று அடியுங்கள். சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்ட் என்ற வரிக்கு நேரே யெஸ் இருக்க வேண்டும். நோ என்றிருந்தால் ரௌட்டருக்கு நெட் வந்துவிட்டதா என்று பாருங்கள். நம் மலைகளில் 4ஜி ரௌட்டர் டவரைப் பிடித்து நிலைக்க நேரம் எடுக்கும். பை அதற்குள் எழுந்து நேரத்தைக் கேட்டிருக்கும், பதில் வந்திருக்காது. அப்புறம் இடைவெளி விட்டுத்தான் மறுபடி கேட்கும். அவசரமென்றால் சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் சிஸ்டம்டி-டைம்சிங்க்டி என்று கொடுங்கள், உடனே கேட்கும். யெஸ் வந்த பிறகுதான் அப்டேட்.

நேரத்தைக் கையால் திருத்த வேண்டாம் என்றுதான் சொல்வேன். ராஸ்பெரி பை ஓஎஸ் முதலில் லண்டன் நேர வலயத்தில்தான் வரும். அதை ஏசியா கொழும்பு என்று மாற்றாமல் நம் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்தால், பெட்டி உண்மையில் ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடும். அங்கே கோடை என்றால் நாலரை. ஆப்ட் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் கணக்குப் பார்க்கிறது. வலயம் தப்பாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, வலயமும் தப்பி நேரத்தையும் கையால் வைத்தால்தான் குழப்பம்.

அடுத்தது சாவி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் பாதுகாப்பைக் கழற்றி வீசுகிறார்கள்.

களஞ்சியத்திலிருந்து வரும் மென்பொருள் பொதிகளின் பட்டியலில் ஒரு டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கிற பொதுச் சாவி உங்கள் பெட்டியில் இருக்கிறது. முன்பு ஆப்ட்-கீ என்ற கட்டளையால் எல்லாச் சாவியையும் ட்ரஸ்டட் டாட் ஜிபிஜி என்ற ஒரே கோப்பில் சேர்த்தார்கள். அந்தக் கொத்தில் இருக்கும் எந்தச் சாவியாலும் எந்தக் களஞ்சியத்துக்கும் கையெழுத்துப் போடலாம். டொக்கரின் சாவி ராஸ்பியனின் பட்டியலுக்கும் செல்லும். தோட்டத்தில் ஒரு டிவிஷன் கணக்கப்பிள்ளையின் கையெழுத்து அந்த டிவிஷன் கொழுந்துக்குத்தானே செல்லும்? இங்கே ஒருவர் கையெழுத்தில் எல்லா டிவிஷன் கொழுந்தும் ஸ்டோருக்குள் போகிறது. வெளிக் களஞ்சியம் ஒன்றின் சாவி களவு போனால், அதை வைத்து உங்கள் பெட்டியின் அடிப்படை மென்பொருளையே மாற்றிவிட முடியும். அதனால்தான் ஆப்ட் இந்த எச்சரிக்கையைக் கொடுக்கிறது. டெபியன் 13இல் ஆப்ட்-கீ கட்டளையையே எடுத்துவிட்டார்கள்.

நிரூ தம்பி சொன்ன முதல் வழி எச்சரிக்கையை நிறுத்தும், அது உண்மை. ஆனால் ட்ரஸ்டட் டாட் ஜிபிஜி டாட் டி கோப்புறையில் இருக்கும் சாவிகளும் எல்லாக் களஞ்சியத்துக்கும் செல்லுபவைதான். சத்தம் நிற்கும், காரணம் அப்படியே இருக்கும். இரண்டாவது வழி அதைவிட மோசம். ட்ரஸ்டட் சமம் யெஸ் என்றால் கையெழுத்துச் சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை, வருவதைப் போடு என்று அர்த்தம். பிள்ளைகள் அம்மாமாரின் போனை இணைக்கிற பெட்டி இது. அந்த போன்களில் குடும்பப் படங்கள், வங்கிச் செய்திகள் எல்லாம் இருக்கும். தம்பி, உங்கள் பையிலும் அந்த வரிகளை எடுத்துவிடுங்கள்.

சரியான வழி, ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் அதன் சாவியை மட்டும் கட்டிவிடுவது. ஆப்ட்-கீ லிஸ்ட் என்று அடித்தால் கொத்தில் உள்ள சாவிகள் வரும். அந்தக் கட்டளையே தான் பழையது என்று ஒரு எச்சரிக்கை காட்டும், பொருட்படுத்த வேண்டாம். ஒவ்வொரு சாவிக்கும் நீளமாக ஒரு கைரேகை எண் இருக்கும். கடைசி எட்டு எழுத்துதான் நமக்குத் தேவை. டொக்கரின் சாவி பூஜ்யம், ஈ, பீ, எஃப், சீ, டீ, 8, 8 என்று முடியும். ராஸ்பியனுடையது 9, பூஜ்யம், எஃப், டீ, டீ, டீ, 2, ஈ என்று முடியும். ஒப்பிட்டுப் பாருங்கள், வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்தி இங்கே எழுதுங்கள்.

பிறகு சூடோ ஆப்ட்-கீ எக்ஸ்போர்ட், அதன் பின் அந்த எட்டு எழுத்து என்று கொடுத்தால் சாவி எழுத்து வடிவில் வெளியே வரும். அதை ஈடிசி, ஆப்ட், கீரிங்ஸ் என்ற கோப்புறைக்குள் டொக்கர் டாட் ஏஎஸ்சி என்ற பெயரில் சேமியுங்கள். ராஸ்பியனையும் அப்படியே. கோப்பின் முடிவு ஏஎஸ்சி என்றே இருக்கட்டும். ஜிபிஜி என்று வைத்தால் ஆப்ட் பைனரி வடிவத்தை எதிர்பார்க்கும், பிறகு புதிதாக ஒரு எச்சரிக்கை கிளம்பும். எல்லோரும் வாசிக்கக்கூடிய அனுமதியும் வேண்டும், அதாவது 644. ஆப்ட் தன் சரிபார்ப்பைத் தனியான ஒரு பயனர் பெயரில் செய்வதால், ரூட் என்ற நிர்வாகி மட்டும் வாசிக்கலாம் என்றிருந்தால் சாவி இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும்.

சோர்சஸ் டாட் லிஸ்டைத் திறந்து ராஸ்பியன் வரியில் டெப் என்ற சொல்லுக்கு அடுத்து, சதுர அடைப்புக்குள் சைன்ட்-பை சமம் என்று போட்டு அந்தச் சாவிக் கோப்பின் முழுப் பாதையையும் எழுதுங்கள். டொக்கர் வரி சோர்சஸ் டாட் லிஸ்ட் டாட் டி கோப்புறையில் தனிக் கோப்பாக இருக்கும். அதில் ஏற்கனவே ஆர்ச் சமம் ஆர்ம்எச்எஃப் என்று ஒரு அடைப்பு இருக்கலாம். இருந்தால் அதற்குள்ளேயே இடம் விட்டுச் சேருங்கள், இரண்டாவது அடைப்புப் போடக் கூடாது.

கடைசியாகப் பழைய கொத்தை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். அப்டேட் கொடுங்கள். எதற்காவது பொதுச் சாவி இல்லை என்று வந்தால் பெயரைத் திருப்பி வைத்துவிட்டு எது விட்டுப்போனது என்று நிதானமாகப் பார்க்கலாம். ராஸ்பெரி பையின் சொந்தக் களஞ்சியத்தின் சாவி தனிப் பொதியாக வருவதால் பெரும்பாலும் அது தொந்தரவு கொடுக்காது.

ஓல்ட்ஸ்டேபிள் வரிக்குப் பயப்பட வேண்டாம். 2025 ஆகஸ்ட் 9ஆம் திகதி டெபியன் 13, ட்ரிக்ஸி, வெளிவந்தது. அன்றோடு புக்வேர்ம் பழைய நிலைப் பதிப்பாகிவிட்டது. பெட்டியில் எதுவும் மாறவில்லை, களஞ்சியத்தின் முகப்பில் ஒரு சொல் மாறியிருக்கிறது. ஸ்டேபிள் என்று நம்பி வருகிறவர் தெரியாமலே வேறு பதிப்புக்குப் போய்விடக் கூடாது என்றுதான் சொல்கிறது. உங்கள் வரிகளில் புக்வேர்ம் என்ற பெயரே எழுதியிருக்கும் என்பதால் அந்த ஆபத்து உங்களுக்கு இல்லை.    அது வெறும் தகவல் வரி, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இத்தனை மாதமாக அப்கிரேட் கொடுக்காததால் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் பெட்டியில் சேர்ந்திருக்காது. ஆகவே அப்கிரேட் பெரிதாக இருக்கும். டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


மஸ்கெலியா டீச்சர் எழுதியது:

அண்ணே, மிகவும் நன்றி. டைம்டேட்சிடிஎல்லில் நோ என்றுதான் இருந்தது. நீங்கள் சொன்னபடி ரீஸ்டார்ட் கொடுத்ததும் யெஸ் வந்தது, இரண்டு ஈ வரியும் ஒன்றாகவே காணாமல் போயின. சாவிகளின் கடைசி எட்டு எழுத்தையும் எழுத்தெண்ணி ஒப்பிட்டேன், சரியாக இருந்தன. பிரித்து வைத்து, வரிகளில் சைன்ட்-பை போட்டு, பழைய கொத்தின் பெயரை மாற்றினேன். இப்போது அந்த டபிள்யூ வரிகள் இல்லை. ஓல்ட்ஸ்டேபிள் பற்றிய பயமும் போய்விட்டது.

ஆனால் இன்று காலை மறுபடி அப்டேட் கொடுத்தபோது புதிதாக ஒன்று. கையெழுத்திட்ட கோப்பு செல்லாது, நோஸ்ப்ளிட் என்று கிடைத்தது, இந்த நெட்வொர்க்குக்கு உள்நுழைவு தேவையா என்று கேட்கிறது. சாவியில் நான் தொட்டதால் வந்ததா? அப்கிரேட்டை இன்னும் தொடங்கவில்லை.


ஹப்புத்தளை அக்கா எழுதியது:

தங்கச்சி, சாவியால் வந்ததில்லை அது. ரௌட்டரின் டேட்டா பேக்கேஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். டேட்டா முடிந்ததும் நெட் முழுவதும் நிற்பதில்லை. எதைக் கேட்டாலும் ரீலோட் பண்ணுங்கள் என்கிற வலைப்பக்கத்தைத் திருப்பி அனுப்புவார்கள். ஆப்ட் கையெழுத்திட்ட கோப்பைக் கேட்டது, கைக்கு வந்தது ஒரு விளம்பரப் பக்கம். அதில் கையெழுத்தைத் தேடிப் பார்த்துவிட்டு நோஸ்ப்ளிட் என்கிறது. ராஸ்பியன் களஞ்சியம் சாதாரண எச்டிடிபி வழியாக வருவதால்தான் இப்படி நடுவில் புகுந்து வேறு பக்கம் கொடுக்க முடிகிறது. அதே ரௌட்டரில் போனை இணைத்து ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள், உடனே தெரிந்துவிடும். இந்த இடத்தில்தான் கையெழுத்துச் சரிபார்ப்பின் அருமை புரிகிறது. அது மட்டும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தையே பட்டியல் என்று எடுத்து வைத்திருக்கும்.

எங்கள் மகளிர் சங்க நூலகத்திலும் ஒரு பை இருக்கிறது, அதனால் இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். பெரிய அப்கிரேட்டை மழை பெய்கிற பின்னேரத்தில் தொடங்க வேண்டாம். சித்திரையில் இரண்டு மணிக்கு மேல் இடி இறங்கினால் கரண்ட் போய் வரும், அது நமக்கெல்லாம் பழகியதுதான். பொதிகளை விரித்துப் போடுகிற நேரத்தில் கரண்ட் போனால் பாதியில் நிற்கும். அடுத்த தடவை டிபிகேஜி (பொதிகளை விரித்துப் போடும் கருவி) குறுக்கிடப்பட்டது என்று சொல்லி எதையும் செய்ய விடாது. அப்படி வந்தால் பயப்படாமல் சூடோ டிபிகேஜி, இரட்டைக் கோடு கன்ஃபிகர், ஒற்றைக் கோடு ஏ என்று கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து முடிக்கும். ஆனால் கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது கார்டுக்கே நல்லதில்லை. ஆகவே காலையில் தொடங்குங்கள். முதலில் டவுன்லோட் மட்டும் செய்து வைத்துக்கொள்ளலாம். ஆப்ட் அப்கிரேட்டோடு இரட்டைக் கோடு டவுன்லோட்-ஒன்லி என்று சேர்த்தால் பொதிகள் வந்து கார்டில் இருக்கும், போடுவதை வேறொரு நாள் வெயில் பார்த்துச் செய்யலாம். டேட்டா பேக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அதுவும் பயன்படும்.

இன்னொன்று, எந்த சார்ஜரில் ஓட்டுகிறீர்கள்? பை 4க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர் வேண்டும். பழைய போன் சார்ஜரில் சும்மா இருக்கும்போது ஓடும், அப்கிரேட் மாதிரி வேலை வந்தால் வோல்டேஜ் இறங்கும். விசிஜென்சிஎம்டி கெட்-த்ரொட்டில்ட் என்று அடித்துப் பாருங்கள். கெட், த்ரொட்டில்ட் இரண்டுக்கும் நடுவில் அடிக்கோடு. 0எக்ஸ்0 என்று வந்தால் நல்லது. 0எக்ஸ்50000 என்றால் போட்டதிலிருந்து எப்போதோ வோல்டேஜ் இறங்கியிருக்கிறது.


நிரூ, பதுளை எழுதியது:

அண்ணே, என் பையில் ட்ரஸ்டட் சமம் யெஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாவிகளைப் பிரித்துவிட்டேன். ஒரு களஞ்சியத்துக்கு மட்டும் பொதுச் சாவி இல்லை என்று வந்தது. அது நான் இப்போது பாவிக்காத மென்பொருள், வரியையே தூக்கிவிட்டேன். டீச்சரின் பெட்டியை ட்ரிக்ஸிக்கு மாற்றுவது நல்லதா?


மஸ்கெலியா டீச்சர் எழுதியது:

அக்கா சொன்னது சரி. போனில் திறந்து பார்த்தால் ரீலோட் பக்கம்தான் வந்தது. பேக்கேஜ் போட்டதும் அப்டேட் சுத்தமாக முடிந்தது. அக்கா கேட்ட கட்டளைக்கு 0எக்ஸ்50000 வந்தது. போன் சார்ஜரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வாசிகசாலைச் சங்கத்தில் சொல்லி ஹட்டனில் நல்ல சார்ஜர் வாங்க ஏற்பாடு செய்கிறேன், அதன் பிறகுதான் அப்கிரேட். விடுமுறை முடிந்து திறக்கும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கடிகாரப் பிரச்சினை வருமா அண்ணே? நான் இல்லாத நாளில் பெரிய வகுப்புப் பிள்ளைகள்தான் போடுவார்கள்.


தலவாக்கலைக்காரன் எழுதியது:

சார்ஜருக்குக் காத்திருப்பது நல்ல முடிவு டீச்சர்.

நெட் வந்து நேரம் சரியாகும் வரை பொறுத்தால் தீரும், ஆனால் பொறுக்காமலே தீர ஒரு வழி இருக்கிறது. டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு வைத்த சின்னப் பலகை விற்கிறார்கள். பையின் ஊசிகளில் நேரடியாகச் செருகும் வகையைக் கேளுங்கள், வயர் வேலை இல்லை. ஹட்டனில் கிடைக்காவிட்டால் கண்டியில் மின்னணுப் பொருள் கடைகளில் கிடைக்கும். பெட்டியை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும், முதல் ஊசியின் பக்கம் பார்த்து. புக்வேர்மில் பூட் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர் கோப்புறையில் கன்ஃபிக் டாட் டிஎக்ஸ்டி இருக்கிறது. அதன் கடைசியில் டிடிஓவர்லே சமம் ஐ2சி-ஆர்டிசி, கமா, டிஎஸ்3231 என்று இடைவெளி விடாமல் ஒரு வரி சேருங்கள். ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் பொதியை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய நேரமும் புது நேரமும் மோதும். லிப் கோப்புறைக்குள் யூடெவ் என்ற இடத்தில் ஹெச்டபிள்யூகிளாக்-செட் என்று ஒரு கோப்பு உண்டு. அதில் சிஸ்டம்டி இருந்தால் வெளியேறு என்று சொல்லும் மூன்று வரிகளின் முன்னால் ஹாஷ் போட வேண்டும். ரீபூட் செய்து சூடோ ஹெச்டபிள்யூகிளாக் ஒற்றைக் கோடு ஆர் என்று அடித்தால் சில்லின் நேரம் வரும். நெட் இருக்கும் நாளில் ஒரு தடவை சரியான நேரத்தை அதில் எழுதிவிட்டால், மறுபடி விடுமுறைக்குப் பூட்டினாலும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போய் வந்தாலும் சரி.

நிரூ தம்பி கேட்டதற்கு: இப்போது அவசரம் இல்லை. புக்வேர்முக்கு டெபியனின் நீண்ட கால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது. ஆனால் டொக்கர்காரர்கள் 32 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸுக்கு 28ஆம் பதிப்பே கடைசி என்று சொல்லியிருக்கிறார்கள். பை 4 என்றால் 64 பிட் நன்றாகவே ஓடும். ஆகவே மாறும்போது ட்ரிக்ஸி 64 பிட்டுக்கே மாறிவிடலாம். இருக்கும் கார்டிலேயே பதிப்பை மாற்ற வேண்டாம், ராஸ்பெரி பைக்காரர்களே புதிதாகப் போடுவதைத்தான் சொல்கிறார்கள்.

ட்ரிக்ஸிக்குப் போகும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஆப்ட் சாவிகளைச் சரிபார்ப்பது இன்னும் கடுமை. பழைய எஸ்எச்ஏ1 முறையில் உறுதி செய்த சாவிகளை 2026 பெப்ரவரி 1ஆம் திகதிக்குப் பிறகு அது ஏற்பதில்லை. வெளிக் களஞ்சியம் ஏதாவது அந்த வகைச் சாவியோடு நின்றால் அந்தக் களஞ்சியத்தை நடத்துகிறவர்களிடமிருந்து புதுச் சாவி எடுக்க வேண்டும், வேறு வழி இல்லை. அப்போதும் யாராவது ட்ரஸ்டட் சமம் யெஸ் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள்.

டீச்சர், பாடசாலைத் தவணை நடுவில் இதைத் தொட வேண்டாம். ஆகஸ்ட் விடுமுறையில் இன்னொரு கார்ட் வாங்கி அதில் ட்ரிக்ஸியைப் போடுவோம். வினாத்தாள்களும் கிவிக்ஸ் கோப்புகளும் இருக்கும் கோப்புறையை யூஎஸ்பி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துப் புதுக் கார்டுக்கு மாற்றிவிடலாம், டேட்டா செலவே இல்லை. பழைய கார்டை அப்படியே உறையில் போட்டு அலுமாரியில் வையுங்கள். புதியதில் ஏதாவது பிசகினால் கார்டை மாற்றிச் செருகினால் அன்று பின்னேரமே பிள்ளைகள் படிக்கலாம். தவணை முடிவதற்கு ஒரு வாரம் முன் இங்கே எழுதுங்கள். மஸ்கெலியாப் பக்கம் அப்போது எனக்கு வேலை இருக்கும், வந்து கூட இருந்து செய்து தருகிறேன்.